முப்பத்தொன்றாம் கட்டத்தின் மூன்றாவது கை

காலை பதினொரு மணிக்கு, மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்தச் சின்ன அறையில், ஓர் எண்ணெய் டின் உதை வாங்கிக்கொண்டிருந்தது.

உதைத்தது ஓர் இடது கால். கால் பெடலை மிதிக்க, பெடல் ஒரு கம்பியை இழுக்க, கம்பி ஒரு மரக்கட்டையை டின்னின் வயிற்றில் இறக்கியது. டக். டக்-டக். டக்.

ஸ்பேனர் குனிந்து அந்தக் கம்பியைப் பார்த்தான். துப்பறிய வருவதற்கு முன் பத்து வருஷம் மெக்கானிக் ஷெட்டில் கிடந்தவன். பெயரும் அங்கே விழுந்ததுதான்.

“இது கிளட்ச் கேபிள் ஆச்சே?”

“அம்மா ஸ்கூட்டரோடது,” என்றாள் டிரம்மர், மிதிப்பதை நிறுத்தாமல். “அவங்களுக்கு இன்னும் தெரியாது.”

“பாஸ், கேஸ் முடிஞ்சுது. திருடினது இவங்கதான். கிளம்பலாமா?”

பாஸ் சிரிக்கவில்லை. அவளை எல்லோரும் கமா மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திய பெண்மணி. அங்கே கண்ணுக்குத் தப்பிய கமா கிடையாது. இப்போது அதே கண்ணை மனிதர்கள் மேல் வைத்திருக்கிறாள்.

“முதல்ல இருந்து சொல்லும்மா. அழாம சொல்லு.”

“நான் எங்க மேடம் அழுதேன்?”

“இல்ல, எனக்கு எதிர்ல உக்கார்றவங்க பொதுவா அழுவாங்க. வாய் பழக்கம்.”

டிரம்மர் குச்சியைக் கீழே வைத்தாள். இருபத்தொன்பது வயது. இடது முன்கையில் நீளமாக ஒரு தையல் தழும்பு. போன வருஷம் மழையில் சறுக்கி விழுந்து அந்தக் கை இரண்டு இடத்தில் முறிந்தது. நாலு மாதம் தோள்வரை மாவுக்கட்டு. அவளுக்கு டிரம்ஸ் சொல்லிக்கொடுத்தவர் அம்மாவின் தங்கை வீட்டுக்காரர். இசைப் பள்ளி நடத்துபவர். ஊருக்கு மாஸ்டர், இவளுக்குச் சித்தப்பா.

“கட்டுப் போட்ட அன்னிக்கு போன் பண்ணினார். ‘கை சரியாகற வரைக்கும் டிரம்ஸ் மேல ஒரு துணியைப் போட்டு மூடி வை பாப்பா’ன்னார்.”

“மூடினியா?”

“அந்தத் துணியிலதான் டின்னைத் துடைச்சேன்.”

ஸ்பேனருக்கு அவளைப் பிடித்துப்போனது.

ஒரு கை இல்லாவிட்டால் என்ன, இரண்டு கால் இருக்கிறதே என்று கிளம்பிவிட்டாள். இடது காலுக்கு இந்த டின். வலது காலுக்குப் பெரிய டிரம், பக்கத்தில் மிதித்து ஒலி எழுப்ப ஒரு மரப்பலகை. வலது கைக்கு மற்றதெல்லாம். நாலு மாதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு தாளக் கட்டம் நீளமுள்ள ஒரு தனி வாசிப்பை எழுதி முடித்தாள். மாவுக்கட்டு என்றே அதற்குப் பெயர் வைத்தாள். அதைத்தான் இப்போது சித்தப்பா ‘சூறாவளி’ என்ற பெயரில் தன்னுடையது என்கிறார். எட்டு வருஷத்துக்கு முன்பே தன் கையால் எழுதியதாம். பதிப்பகத்தில் கைப்பிரதியும் காட்டிவிட்டார்.

“இன்னிக்கு நாலு மணிக்கு, இது யாரோடதுன்னு பதிப்பகத்துல முடிவு பண்றாங்க. அவர் பேர்ல புத்தகம் வந்துட்டா, நான் எழுதினதை மேடையில வாசிக்க நானே அவர்கிட்ட அனுமதி கேட்கணும்.”

“நீ வாசிச்சதை யாரும் கேட்டதில்லையா?”

“அம்மா கேட்டிருக்காங்க. ஆனா தங்கச்சி வீட்டுக்காரரை எதிர்த்து அம்மா வாய் திறக்க மாட்டாங்க.”

“கம்ப்யூட்டர்ல தேதி இருக்குமே,” என்றான் ஸ்பேனர்.

“இருக்கு. போன வருஷத் தேதி. அவர் எட்டு வருஷத்துக்கு முந்தின நோட்டை நீட்டினா, என் தேதி எதுக்கு ஆகும்?”

கமா மேடம் திரையை நோக்கி நாற்காலியை இழுத்தாள். “இதை எப்படி எழுதறேன்னு காட்டு.”

திரையில் ஐந்து கோடுகள். அவற்றின் மேலும் கீழும் புள்ளிகள்.

“மத்த வாத்தியத்துக்கு இந்தக் கோடெல்லாம் சுரம், மேடம். டிரம்ஸுக்கு அப்படி இல்லை. கோடுன்னா பொருள். இந்த இடத்துல புள்ளி இருந்தா பெரிய டிரம். இங்க இருந்தா ஸ்னேர், முன்னால இருக்கிற சின்ன டிரம். உச்சியில பெருக்கல் குறி போட்டா சிம்பல், அந்தப் பித்தளை வட்டு.”

“மளிகைக் கடை அலமாரி மாதிரி,” என்றான் ஸ்பேனர். “எந்தத் தட்டுல எந்த டப்பான்னு.”

“அதேதான். எந்தப் பொருளுக்கு எந்தத் தட்டுன்னு சாஃப்ட்வேர்ல ஒரு அட்டவணை இருக்கு. அதுல எண்ணெய் டின் கிடையாது. பலகையும் கிடையாது. நானே ரெண்டு வரி சேர்த்தேன். கீழ்க்கோட்டுக்கும் கீழே முக்கோணம் வந்தா டின், இடது கால். அதுக்கும் கீழே சதுரம் வந்தா பலகை, வலது கால்.”

“சித்தப்பா கைக்கு இது எப்படிப் போச்சு?”

அவள் முதல் தடவையாகத் தலையைக் குனிந்தாள்.

“என்கிட்ட பிரிண்டர் இல்லை. ‘அச்சு எடுத்துக் குடுங்க சித்தப்பா’ன்னு நான்தான் அனுப்பினேன். அதுலயும் ஒரு முட்டாள்தனம். அட்டவணை தனி ஃபைல். ரெண்டையும் சேர்த்து அனுப்பணும். அவசரத்துல ஒண்ணைத்தான் அனுப்பியிருக்கேன்.”

கமா மேடத்தின் கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கியது. ஸ்பேனருக்கு அந்த இறக்கம் தெரியும். இரை கண்ட பருந்து அது.

“மறந்துட்டியா?”

“மறந்துட்டேன் மேடம்.”

“சமர்த்து. இப்ப வாசி.”

அவள் வாசித்தாள். இடது கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, ஒரே கையாலும் இரண்டு காலாலும். அறைச் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடியது. இருபத்துநாலாம் கட்டத்தில் சட்டென்று ஓர் அமைதி. குச்சியை மடியில் போட்டாள், கம்பிப் பிரஷ்ஷை எடுத்தாள், தொடர்ந்தாள்.

முடிந்ததும் ஸ்பேனர் கேட்டான். “நடுவுல ஏன் நின்னீங்க?”

“நிக்கலை. ஒரே கையால குச்சியை மடியில போட்டுட்டு பிரஷ்ஷை எடுக்க ரெண்டு எண்ணிக்கை ஆகும். அந்த ரெண்டையும் எழுதி வெச்சுட்டேன்.”

“எனக்குக் கட்டைவிரல்ல கட்டு போட்டப்போ, ஸ்பேனரைக் கீழ வெச்சாத்தான் ஸ்க்ரூ டிரைவரை எடுக்க முடியும். என் முதலாளி அதை சோம்பேறித்தனம்னார்.” அவன் தழும்பைப் பார்த்தான். “இப்பதான் கை சரியாச்சே. ரெண்டு கையால வாசிக்கலாமே?”

“இது அந்தக் கைக்கு எழுதினது இல்லைங்க.”

கமா மேடம் எழுந்துவிட்டாள். “ஸ்பேனர், டின்னையும் பலகையையும் கழட்டு. நம்ம கூட வருது.”

“பாஸ், சாட்சியை சாக்குல கட்டிக் கொண்டுபோறது இதுதான் முதல் தடவை.”

*

பதிப்பகத்தின் பின்னறையில், நெற்றியில் ஒரு கண்ணாடியும் மூக்கில் ஒரு கண்ணாடியுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். இசைப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைப்பவர். நாளெல்லாம் கோட்டில் புள்ளி வைப்பதால் புள்ளியண்ணன்.

“மாஸ்டர் நோட்டுல இருக்கிறதை அப்படியே ஏத்தினேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது,” என்று முதலிலேயே கையைக் கழுவினார்.

“நாங்க இன்னும் ஒண்ணும் கேட்கலையே அண்ணே,” என்றான் ஸ்பேனர்.

“கேட்க வந்தவங்க மூஞ்சி தெரியாதா? பிடிங்க. கைப்பிரதியோட ஜெராக்ஸ். காகிதத்தைப் பத்திப் பேசாதீங்க, அது நிஜமாவே பழைய நோட்டு.”

“பழைய நோட்டுல காலிப் பக்கம் இருக்காதா?” என்றாள் கமா மேடம்.

“என் அஞ்சாம் கிளாஸ் நோட்டு இன்னும் முழுசும் காலி, பாஸ்.”

அவள் பென்டிரைவை நீட்டினாள். டிரம்மர் அன்று சித்தப்பாவுக்கு அனுப்பிய அதே ஃபைல். அட்டவணை இல்லாமல்.

“திறங்க. அட்டவணையில இல்லாத பொருள் வந்தா உங்க சாஃப்ட்வேர் என்ன பண்ணும்?”

“தூக்கிப் போடாது. நடுக்கோட்டுல சாதாரணப் புள்ளியா வெச்சிடும். பேர் தெரியாத விருந்தாளி வந்தா ஹால் சோபாவுல உக்கார வெக்கிறோமே, அந்த மாதிரி.”

ஃபைல் திறந்தது. கீழே இருந்திருக்க வேண்டிய முக்கோணங்களைக் காணவில்லை. சதுரங்களைக் காணவில்லை. எல்லாம் நடுக்கோட்டில் சாதுவான கறுப்புப் புள்ளிகளாக வரிசை கட்டி உட்கார்ந்திருந்தன.

கமா மேடம் ஜெராக்ஸைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். பதினேழாம் கட்டம். நடுக்கோட்டில் புள்ளி. பதினெட்டு. புள்ளி. பத்தொன்பது. இங்கே எத்தனையோ அங்கேயும் அத்தனை.

ஸ்பேனர் விசில் அடித்தான். “மெஷின் தொலைச்சதை மாஸ்டர் எட்டு வருஷம் முன்னாடியே தொலைச்சிருக்கார்.”

“சரியா இருக்கிறது ரெண்டு இடத்துல ஒரே மாதிரி இருக்கலாம், ஸ்பேனர். அதுல ஒண்ணுமில்லை. தப்பு ரெண்டு இடத்துல ஒரே மாதிரி இருந்தா, ஒருத்தன் இன்னொருத்தனைப் பார்த்து எழுதியிருக்கான்.”

புள்ளியண்ணன் தொண்டையைச் செருமினார். “முப்பத்தொண்ணாம் கட்டத்துல எனக்கு ஒரு உறுத்தல் இருந்தது. கேட்டதுக்கு மாஸ்டர், ‘இருக்கிறதைப் போடுப்பா’ன்னார். என்னன்னா...”

“சொல்லாதீங்க. நானே பார்க்கறேன்.” அவள் அந்தப் பக்கத்தையும் முதல் பக்கத்தையும் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு இரண்டையும் நாலாக மடித்துக் கைப்பையில் போட்டாள். “இது மாதிரி எத்தனை இடம்னு எண்ணி வெக்கிறீங்களா?”

“எது மாதிரி, பாஸ்?” என்றான் ஸ்பேனர்.

“சாக்கைத் தூக்கு.”

*

நாலு மணி. பதிப்பாளரின் மேசைக்கு ஒரு பக்கம் சித்தப்பா. இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, பையில் தடியாக ஒரு பேனா. அவருக்குப் பக்கத்து நாற்காலியில் டிரம்மரின் அம்மா. யார் அங்கே உட்காரச் சொன்னார்களோ, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கம் டிரம்மர் தனியாக.

கமா மேடம் சொல்லி முடித்தபோது பதிப்பாளர் மெஷின் அச்சையும் கைப்பிரதியையும் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தொலைந்த அட்டவணை, நடுக்கோட்டுப் புள்ளிகள், கைப்பிரதியிலும் அதே புள்ளிகள். முடிந்தது என்று ஸ்பேனர் சாய்ந்து உட்கார்ந்தான்.

சித்தப்பா சிரித்தார். சத்தமில்லாத, பெரியமனுஷச் சிரிப்பு.

“மேடம் நல்லாத்தான் யோசிச்சிருக்காங்க. ஆனா தலைகீழா யோசிச்சிருக்காங்க. நான் எழுதினது நடு டாம். டிரம்ஸுல அது ஒரு டிரம். இடது கையால அடிக்கணும். என் பள்ளியில நான் வாசிச்சதைக் கேட்டு வளர்ந்தவ பாப்பா. கை உடைஞ்சுது, டாமை அடிக்க முடியலை, டின்னை வெச்சுக்கிட்டா. மாத்தினது அவ. மெஷின் அவளோட டின்னை நடுக்கோட்டுல கொண்டு வெச்சுதுன்னா, அது என் டாமோட இடத்துக்கே திரும்பி வந்திருக்கு. அவ்வளவுதான்.”

பதிப்பாளர் தலையசைத்தார். ஸ்பேனர் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவர் சொன்னதில் ஓட்டையே தெரியவில்லை.

“எனக்குப் பெரிய மனசு,” என்றார் சித்தப்பா. “அட்டையில ‘உதவி’ன்னு அவ பேரையும் போட்டுக்கலாம்.”

“வேண்டாம்,” என்றாள் டிரம்மர்.

“பாப்பா, கிடைக்கிறதை...”

“வேண்டாம் சித்தப்பா. நான் யாருக்கும் உதவி பண்ணலை.”

கமா மேடம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். தோற்ற முகமாகவே தெரியவில்லை. “மாஸ்டர் சொல்றது நியாயம்தான். அப்போ ஒரு தடவை வாசிச்சுக் காட்டிடுங்க. பக்கத்துல ஒலிப்பதிவு அறை இருக்கு, டிரம்ஸும் இருக்கு. சார் கேட்கட்டும்.”

“அதுக்கென்ன.”

எல்லோரும் அங்கே போக, அம்மா அங்கேயும் சித்தப்பா பக்கமே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். டிரம்ஸ் முன் அவர் உட்கார்ந்த தோரணையிலேயே முப்பது வருஷ அனுபவம் தெரிந்தது. கைப்பிரதியை எதிரே வைத்துக்கொண்டு வாசித்தார். நன்றாகவே வாசித்தார். பதினேழாம் கட்டத்தில் இடது கை நடு டாமில் கச்சிதமாக இறங்கியது. ஸ்பேனர் நகத்தைக் கடித்தான். இருபத்துநாலு. அமைதி. அவருடைய வலது கை குச்சியை வைத்தது. இடது கையில் பிரஷ் தயாராக இருந்தது. அது அந்தரத்தில் நின்று காத்துக்கொண்டிருந்தது.

“இந்த ரெண்டு எண்ணிக்கை எதுக்கு, மாஸ்டர்?” என்றாள் கமா மேடம். “பிரஷ் கையிலேயே இருக்கே.”

“அது ரசனை மேடம். உங்களுக்குப் புரியாது.”

“சரி. மேல போங்க.”

இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது. முப்பத்தொன்றில் வலது கை சிம்பலை நோக்கி உயர்ந்தது. இடது கை டாமை நோக்கி உயர்ந்தது. இரண்டும் அப்படியே நின்றன.

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தன் கையெழுத்தையே படித்தார்.

கமா மேடம் மடித்த பக்கத்தைப் பிரித்துப் பதிப்பாளரிடம் கொடுத்தாள். “நடுக்கோட்டுல பாருங்க சார். ஒரே நொடியில ரெண்டு புள்ளி, ஒட்டி ஒட்டி. மேல சிம்பலுக்கு ஒண்ணு. சிம்பலுக்கு வலது கை. முதல் புள்ளிக்கு இடது கை. அடுத்த புள்ளிக்கு எந்தக் கை, மாஸ்டர்?”

சித்தப்பா உயர்த்திய கைகளை இறக்கினார்.

“பாஸ்,” என்றான் ஸ்பேனர், “அவசரத்துக்கு நான் வேணா ஒரு கை குடுக்கட்டுமா?”

“எழுதும்போது கை தவறியிருக்கும். ஒரு இடம்தானே.”

“பதினாலு இடம்,” என்றது வாசலிலிருந்து ஒரு குரல். புள்ளியண்ணன் விரல்விட்டு எண்ணிய களைப்போடு நின்றிருந்தார்.

“அப்ப, அது ரெண்டு பேர் சேர்ந்து வாசிக்க...”

“முதல் பக்கம், உங்க கையெழுத்து.” கமா மேடம் இரண்டாவது காகிதத்தையும் பிரித்தாள். “‘தனி ஒருவருக்கு.’ அழகா அடிக்கோடு வேற போட்டிருக்கீங்க.”

அவள் டிரம்மர் பக்கம் திரும்பினாள். சித்தப்பா டிரம்ஸை விட்டு நகர்ந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். ஸ்பேனர் அதற்குள் சாக்கை அவிழ்த்துவிட்டான். டின் இடது பக்கம், பலகை வலது பக்கம். கேபிளை முறுக்கிக் கொடுத்தான்.

டிரம்மர் இடது கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள். முப்பதாம் கட்டத்திலிருந்து எடுத்தாள். முப்பத்தொன்றில் வலது கை சிம்பலில் விழுந்தது. இடது கால் டின்னில். வலது கால் பலகையில். மூன்றும் ஒரே நொடி. அறையின் கண்ணாடிச் சன்னல் அதிர்ந்தது.

“ரெண்டு பொருள் சார்,” என்றாள் கமா மேடம். “டின்னும் பலகையும். மெஷினுக்கு ரெண்டுமே பேர் தெரியாத விருந்தாளி. அதனால ஒரே சோபாவுல ரெண்டையும் இடிச்சு உக்கார வெச்சிருச்சு. மாஸ்டர் முப்பது வருஷமா டிரம்ஸ் வாசிக்கிறவர். யோசிச்சு எழுதியிருந்தா இதை எழுதியிருக்கவே மாட்டார். பார்த்து எழுதினார். பார்த்து எழுதறவங்க வாசிக்கிறதில்லை, சார். இருபது வருஷம் அதை வெச்சுத்தான் நான் சாப்பிட்டேன்.”

பதிப்பாளர் கைப்பிரதியை மூடினார். மெதுவாகத்தான் மூடினார். ஆனாலும் அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

சித்தப்பா எழுந்தார். குரல் தாழ்ந்திருந்தது. “பாப்பா, இது குடும்ப விஷயம். நாலு பேர் முன்னாடி வெச்சு...”

“குடும்பம்னுதான் சித்தப்பா அந்த ஃபைலை உங்களுக்கு அனுப்பினேன்.”

அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்தார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. வெளியே போனார்.

“சரிம்மா,” என்றார் பதிப்பாளர், கொஞ்சம் மூச்சு வாங்கி. “புத்தகம் உன் பேர்ல வரும். ஒரே ஒரு மாற்றம். இந்த டின், பலகை எல்லாம் எடுத்துட்டு டாமுக்கு மாத்திடலாம். பள்ளிகள்ல படிக்கிற பிள்ளைங்ககிட்ட டின் இருக்குமா?”

“சமையலறை இருக்குமில்ல சார்.”

“வழக்கமான அட்டவணையில இல்லாததை நாங்க அச்சடிச்சதே இல்லை.”

“அப்ப அந்த அட்டவணையை மாத்துங்க. டின் போனா, நானும் போறேன். ‘மூடி வை’ன்னு ஒருத்தர் சொன்னதுக்காக எழுதினது இது. நீங்களும் மூடச் சொன்னா எப்படி?”

அதற்குள் புள்ளியண்ணன் கண்ணாடி இரண்டையும் இடம் மாற்றிக்கொண்டு, ஒலிப்பதிவு அறையின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்துவிட்டார். யாரையும் கேட்கவில்லை. பென்டிரைவைச் செருகி, அவளுடைய அட்டவணையின் இரண்டு வரியையும் தட்டினார். டின், முக்கோணம், இடது கால். பலகை, சதுரம், வலது கால்.

திரையில் நடுக்கோடு காலியானது. பக்கம் பக்கமாக, கறுப்புப் புள்ளிகள் எல்லாம் கீழே இறங்கி, முக்கோணமும் சதுரமுமாகத் தங்கள் இடத்தில் போய் உட்கார்ந்தன. முப்பத்தொன்றாம் கட்டத்தில் ஒட்டிக்கிடந்த இரண்டும் பிரிந்து, ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றன.

பதிப்பாளர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். “அந்த ரெண்டு வரியையும் முதல் பக்கத்துலயே போட்டுடு. பெரிய எழுத்துல.”

அப்போதுதான் அம்மா தரையிலிருந்து கண்ணை எடுத்தாள். உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மகளின் பக்கம் வந்து போட்டு உட்கார்ந்தாள். டின்னிலிருந்து பெடலுக்கு ஓடிய கம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“என் வண்டியில ஏன் கியர் மாறலைன்னு இப்பதான் தெரியுது. அந்தக் கேபிளைத் திருப்பிக் குடுப்பியா?”

“மாட்டேன்மா.”

“சரி,” என்றாள் அம்மா. “நான் வேற வாங்கிக்கறேன்.”